சங்கேதக் கடிதங்களின் கதி

2018-ஆம் வருஷம் மே மாதம் 14-ந் தேதி ஜெர்மனியிலிருந்து ஓர் அறிக்கை வெளியாயிற்று. வெளியிட்டவர்கள் எட்டு ஆராய்ச்சியாளர்கள். அவர்களில் பெரும்பாலோர் மூன்ஸ்டர், போஹும் என்னும் நகரங்களின் கலாசாலைகளைச் சேர்ந்தவர்கள். சங்கேதமாக்கி அனுப்பப்படும் மின்னஞ்சலை, பெறுகிறவருடைய சாவியைத் திருடாமலும், சங்கேதக் கணிதத்தை உடைக்காமலும், அவருடைய சொந்தக் கணிப்பொறியைக் கொண்டே திறக்கச் செய்து, உள்ளே உள்ள வாசகத்தை அந்நியன் தன் கைக்கு வரவழைத்துக்கொள்ள முடியும் என்பதே அவ்வறிக்கையின் சாரம். 'ஈ-ஃபெயில்' என்று அதற்குப் பெயரிட்டார்கள். அந்த வாரத்தில் எழுந்த ஆரவாரம் அடங்கி வெகு காலமாகிவிட்டது. குறைகளில் பெரும்பாலானவை திருத்தப்பட்டும் விட்டன. ஆயினும் அதில் யாருக்கு என்ன பொறுப்பு என்ற கேள்விக்கு நேரான விடை சொல்லப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்வியையே இங்கு எடுத்துக்கொள்ளுகிறோம்.

மின்னஞ்சல் இயல்பில் உறையில்லாத கடிதம். ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்குப் போகும் வழியில் இக்காலத்தில் அது பெரும்பாலும் மூடியே செல்லுகிறது என்பது உண்மைதான். ஆனால் தங்குமிடந்தோறும் அது திறந்து கிடக்கிறது; அங்கே அதிகாரம் உள்ளவனும் படிக்கலாம், களவாகப் புகுந்தவனும் படிக்கலாம். இக்குறையைப் போக்கவே 1991-ல் அமெரிக்காவில் பிலிப் ஸிம்மர்மன் என்பவர் 'பி.ஜி.பி.' என்னும் மென்பொருளை எழுதிப் பொது ஜனங்களுக்கு இனாமாகக் கொடுத்தார். யுத்த தளவாடத்தை லைசென்ஸ் இல்லாமல் ஏற்றுமதி செய்தாரோ என்று அந்நாட்டுச் சர்க்கார் அவர்மீது சுமார் மூன்று வருஷம் குற்ற விசாரணை நடத்தி, 1996 ஜனவரியில் அதைக் கைவிட்டது. அந்த மென்பொருளின் மூல வாசகம் முழுவதும் 1995-ல் புஸ்தகமாகவே அச்சிடப்பட்டது. மென்பொருளைத் தளவாடம் என்று தடுக்கலாம். அச்சுப் புஸ்தகத்தை எப்படித் தடுப்பது? சட்டம் படித்தவர்கள் இதைக் கேட்டுப் புன்னகை செய்யாமல் இருக்க மாட்டார்கள்.

ஸிம்மர்மன் காட்டிய வழியில் 'ஓப்பன் பி.ஜி.பி.' என்ற பொது விதி ஏற்பட்டது. கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் பெரும்பாலும் 'எஸ்-மைம்' என்ற மற்றொரு விதியைக் கைக்கொண்டன. இரண்டிலும் அடிப்படை ஒன்றே. ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. பூட்டும் சாவியை ஊராருக்கெல்லாம் கொடுத்துவிடலாம். திறக்கும் சாவி அவரிடம் மட்டுமே இருக்கும். இவ்வித ஏற்பாட்டை நம்பிக் கடிதம் எழுதுகிறவர்கள் விளையாட்டுக்காக எழுதுகிறவர்கள் அல்லர். பத்திரிகை நிருபருக்குச் செய்தி கொடுப்பவர், வக்கீலுக்குத் தம் வழக்கின் உண்மையைச் சொல்லும் கக்ஷிக்காரர், கொடுங்கோல் நடக்கும் தேசங்களில் மனித உரிமைக்காக வேலை செய்பவர் ஆகியவர்களுக்கு அந்த உறை கிழிந்தால் வேலை போகும், சில இடங்களில் தலையும் போகும்.

இனி ஜெர்மன் ஆராய்ச்சியாளர் கண்டது யாது என்பதைச் சற்று விவரமாய்ச் சொல்ல வேண்டும். விவரத்தில்தான் விஷயம் இருக்கிறது.

ஒரு வக்கீலுக்கு அவருடைய கக்ஷிக்காரர் எழுதிய சங்கேதக் கடிதத்தை மூன்று வருஷங்களுக்கு முன்பே எவனோ வழியில் நகல் எடுத்து வைத்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனால் அதைப் படிக்க முடியாது. கணிதம் அவ்வளவு உறுதியானது. ஆகவே அவன் உடைக்க முயலுவதில்லை. அந்தப் பழைய கடிதத்தை ஒரு புதுக் கடிதத்தின் நடுவில் வைத்து அதே வக்கீலுக்கு அனுப்புகிறான். இக்கால மின்னஞ்சல்கள் வெறும் எழுத்தாக வருவதில்லை. இணையப் பக்கங்களைப்போல் படங்களோடும் வர்ணங்களோடும் வருகின்றன. 'இன்ன விலாசத்திலிருந்து படத்தைக் கொண்டுவா' என்ற கட்டளை கடிதத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். விலாசம் மேற்கோள் குறிகளுக்கு நடுவே இருக்கும். தந்திரம் இதுதான்: புதுக் கடிதத்தில் மூன்று துண்டுகள் உண்டு. முதல் துண்டில் படக் கட்டளை தொடங்கி, திருடனுடைய சர்வரின் விலாசத்தோடு மேற்கோள் குறி திறக்கிறது, ஆனால் மூடவில்லை. இரண்டாவது துண்டு, அந்தப் பழைய சங்கேதக் கடிதம். மூன்றாவது துண்டில் மூடும் குறி மட்டும் இருக்கிறது.

வக்கீலின் அஞ்சல் மென்பொருள் என்ன செய்கிறது? நடுத்துண்டு சங்கேதமாயிருப்பதைக் கண்டு, எஜமானருடைய சாவியைக் கொண்டு அதைத் திறக்கிறது. பிறகு மூன்று துண்டுகளையும் ஒன்றாய் ஒட்டுகிறது. ஒட்டிய பின் பார்த்தால், கக்ஷிக்காரர் எழுதிய ரகசியம் முழுவதும் படத்தின் விலாசத்தில் ஒரு பகுதிபோல் ஆகிவிடுகிறது! உடனே அம்மென்பொருள் திருடனுடைய சர்வரை அணுகி, அந்த விலாசத்தை முழுதும் சொல்லிப் படத்தைக் கேட்கிறது. எஜமானனின் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த கடிதத்தை ஊர் விலாசம் என்று எண்ணி, தெருவில் உரக்கச் சொல்லி வழி கேட்டுக்கொண்டு போகும் வேலைக்காரனை என்னவென்று சொல்வது? வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவே. ஆப்பிள் கம்பெனியின் அஞ்சல் மென்பொருளும், மொஸில்லாவின் தண்டர்பேர்டும் இந்த வலையில் விழுந்தவற்றுள் அடங்கும்.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. பூட்டிய கடிதத்தைத் திறக்காமலே அதற்குள் சில வார்த்தைகளை நுழைக்கலாம் என்று ஆராய்ச்சியாளர் காட்டினார்கள். எஸ்-மைம் கடிதங்கள் பெரும்பாலும் ஒரேவிதமான சடங்கு வார்த்தைகளோடு தொடங்குகின்றன. ஒரு பகுதியில் உள்ளே இருப்பது இன்னதென்று தெரிந்துவிட்டால், சங்கேத எழுத்துக்களை அங்கங்கே மாற்றி, தனக்கு வேண்டிய படக் கட்டளையைத் திருடன் அங்கே முளைக்கச் செய்துவிடலாம். இவ்விதம் ஒரே புதுக் கடிதத்தைக் கொண்டு ஐந்நூறு பழைய எஸ்-மைம் கடிதங்கள்வரை திறந்து காட்டினார்கள். ஓப்பன் பி.ஜி.பி.யில் கடிதம் சுருக்கப்பட்டு அடங்குவதால் மூன்று முயற்சிகளில் சுமார் ஒன்றே பலித்தது. மொத்தத்தில், எஸ்-மைமைக் கையாளும் 35 மென்பொருள்களைச் சோதித்ததில் 23-லும், ஓப்பன் பி.ஜி.பி.யைக் கையாளும் 28-ல் 10-லும் ரகசியம் கசிய வழி இருந்தது.

கடிதத்தில் யாரேனும் கை வைத்தார்களா என்று காட்டுவது அரக்கு முத்திரையின் வேலை. எஸ்-மைம் சங்கேதத்தில் அப்போது அப்படிப்பட்ட முத்திரையே இருக்கவில்லை. ஓப்பன் பி.ஜி.பி.யில் உண்டு, 2007-ல் வெளியான அதன் விதியிலேயே அது இடம் பெற்றிருக்கிறது. அப்படியானால் ஏன் காக்கவில்லை என்று நேயர்கள் கேட்பார்கள். 'ஜி.பி.ஜி.' என்று சுருக்கமாய் அழைக்கப்படும் மென்பொருள், முத்திரை இல்லாத கடிதத்தைக் கண்டால் 'ஜாக்கிரதை' என்று எச்சரித்துவிட்டு, வாசகத்தையும் கூடவே கொடுத்துவிட்டது. முத்திரை உடைந்திருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள்ளும் வாசகம் வெளியே போய்விட்டிருந்தது. அதை வாங்கிக்கொண்ட அஞ்சல் மென்பொருள்களிற் பல எச்சரிக்கையைச் செவியில் போட்டுக்கொள்ளாமல் வாசகத்தைத் திரையில் காட்டின. திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு நடந்தது எதுவும் தெரியாது.

அறிக்கை வெளியானதும் ஒருவர்மீது ஒருவர் பழி சொல்லத் தொடங்கினார்கள். ஜி.பி.ஜி.யின் கர்த்தா வெர்னர் கோக், குற்றம் அஞ்சல் மென்பொருள்களுடையது, படமும் வர்ணமும் உள்ள கடிதங்களை விட்டுவிட்டால் தொல்லையில்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருக்கிறது. முதலில் விவரித்த தந்திரத்தில் சங்கேத மென்பொருளுக்குப் பங்கு இல்லை. ஒட்டக்கூடாததை ஒட்டியது அஞ்சல் மென்பொருளே. ஆனால் மற்றைப் பாதியை நாம் ஒப்புக்கொள்வதற்கில்லை. பூட்டிய கடிதங்களை வழியில் திருத்தி மோசம் செய்யலாம் என்று ஜோனதன் காட்ஸ், புரூஸ் ஷ்னையர் என்ற நிபுணர்கள் 2000-ஆம் வருஷத்திலேயே கட்டுரை எழுதி எச்சரித்தார்கள். 2002-ல் இன்னொருவரும் சேர்ந்து அதைப் பரீக்ஷித்தும் காட்டினார்கள். பதினெட்டு வருஷ நோட்டீஸ்! இவ்வளவு காலம் முன்னறிவிப்புப் பெற்ற பிரதிவாதி 'எதிர்பாராமல் நேர்ந்துவிட்டது' என்று வாதித்தால், எந்த நியாயாதிபதியும் செவிசாய்க்க மாட்டார். விதி வகுத்தவர்கள் பழைய கடிதங்கள் திறக்காமற் போகுமே என்று பயந்தார்கள்; சங்கேத மென்பொருள் செய்தவர்கள் எச்சரித்தால் போதும் என்று எண்ணினார்கள்; அஞ்சல் மென்பொருள் செய்தவர்கள் எச்சரிக்கை தங்களுக்கல்ல என்று எண்ணினார்கள். மூவருக்கும் நடுவே கடிதம் விழுந்தது.

நமது அபிப்பிராயத்தில் பெரும் பொறுப்பு, கடைசியில் திரைமீது பூட்டின் படத்தைப் போட்டுக் காட்டுகிறவனையே சாரும். 'இது பத்திரம்' என்று வாசகனிடம் வாக்குக் கொடுக்கிறவன் அவன். அந்த வாக்கின்மேல்தான் வாசகன் எழுதத் துணிகிறான். உள்ளே இருக்கும் கருவி எச்சரித்தபோது அதை விழுங்கிவிட்டுப் பூட்டின் படத்தை மட்டும் காட்டுவது வாக்குத் தவறுவதேயாகும்.

அமெரிக்காவில் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் என்னும் ஸ்தாபனம், அஞ்சல் மென்பொருளோடு இணைத்த பி.ஜி.பி. கருவிகளை உடனே எடுத்துவிடுங்கள், தற்காலிகமாக ஸிக்னல் போன்ற வேறு வழிகளில் பேசிக்கொள்ளுங்கள் என்று ஜனங்களுக்கு யோசனை கூறிற்று. எச்சரிக்க வேண்டியது அவர்கள் கடமை. அதைக் குறை சொல்லோம். ஆனால் 'பி.ஜி.பி. உடைந்துவிட்டது' என்று அதையே பல பத்திரிகைகள் பறை சாற்றியபோது, சங்கேதமே வீண் என்று எண்ணித் திறந்த கடிதம் எழுதத் தொடங்குகிறவன் முன்னிலும் மோசமான நிலையை அடைகிறான். கடிதத்தை அஞ்சல் மென்பொருளுக்கு வெளியே தனியாகத் திறந்து படித்தால் இந்த ஆபத்து இல்லை என்று ஆராய்ச்சியாளர்களே சொல்லியிருந்தார்கள். அது தலைப்பில் ஏறவில்லை.

இது ஒரு தடவை நேர்ந்த விபத்து என்று தள்ளிவிடுவதற்கும் இல்லை. முந்திய வருஷம், 2017 அக்டோபரில், மைக்ரோஸாஃப்ட் கம்பெனி தனது அவுட்லுக் மென்பொருளில் ஒரு குறையைத் திருத்தியது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு பாதுகாப்பு ஸ்தாபனத்தார் கண்டுபிடித்துச் சொன்ன குறை அது. வெறும் எழுத்து வடிவில் எஸ்-மைம் கடிதம் எழுதினால், சங்கேதப் பிரதியோடு சங்கேதமில்லாப் பிரதியையும் சேர்த்தே அவுட்லுக் அனுப்பிக்கொண்டிருந்தது. குறைந்தபக்ஷம் ஆறு மாத காலம் இந்த அநியாயம் நடந்தது. அனுப்பியவருடைய பெட்டியில் பார்த்தால், கடிதம் ஒழுங்காய்ப் பூட்டப்பட்டதாகவே தோன்றும். 2021-ல் தண்டர்பேர்டின் சில பதிப்புகள், அதற்குள் கொண்டுவரப்பட்ட திறக்கும் சாவிகளைக் கடவுச்சொல்லின் காப்பு இல்லாமலே கணிப்பொறியில் எழுதி வைத்திருந்தது தெரியவந்தது. எந்த இடத்திலும் கணிதம் தோற்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இம்மாதிரி சமயங்களில் 'உபயோகிக்கத் தெரியாதவர்கள்' என்று ஜனங்கள்மேல் பழியைப் போடுவது நிபுணர்களுக்கு வழக்கம். ஆல்மா விட்டன், டைகர் என்ற இருவர் 1999-ல் பி.ஜி.பி.யின் ஐந்தாம் பதிப்பைப் பன்னிரண்டு பேரிடம் கொடுத்து, தொண்ணூறு நிமிஷத்தில் சங்கேதக் கடிதம் அனுப்பச் சொன்னார்கள். மூன்றிலொரு பங்கினரே சரியாய்ச் செய்தார்கள். மூன்று பேர் காக்க வேண்டிய ரகசியத்தைத் திறந்தபடியே அனுப்பிவிட்டார்கள். அவர்கள் படிப்பில்லாதவர்கள் அல்லர். கருவி அவ்வளவு கடினமாயிருந்தது. எஸ்-மைமும் பி.ஜி.பி.யும் நெடுங்காலமாகக் கடிதத்தின் உடலை மட்டும் மூடி, விலாசத்தையும் விஷயத் தலைப்பையும் உறைக்கு வெளியே விட்டு வந்திருக்கின்றன என்பதை இன்றைக்கும் எத்தனை பேர் அறிவார்கள்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகெங்கும் எத்தனையோ பேர் நம்பியிருக்கும் ஜி.பி.ஜி.யை 1997 முதல் எழுதி வந்தவர் மேற்சொன்ன வெர்னர் கோக். அவர் ஏறக்குறைய ஒற்றை ஆளாக, கைப்பணம் தீர்ந்துபோகும் நிலையில் இந்த வேலையைச் செய்துவருகிறார் என்ற செய்தியை 2015 பிப்ரவரியில் புரோ-பப்ளிகா என்னும் அமெரிக்கப் பத்திரிகை வெளியிட்டது. பிறகுதான் நன்கொடைகள் குவிந்தன. ஃபேஸ்புக்கும் ஸ்ட்ரைப்பும் வருஷத்துக்கு ஐம்பதாயிரம் டாலர் வீதம் தருவதாய்ச் சொல்லின. அதுவரை அவருடைய உழைப்பை இனாமாய் அனுபவித்தவர்கள் எத்தனை கோடீசுவரக் கம்பெனிகள்! அவருடைய வாதத்தை மேலே நாம் மறுத்திருந்தாலும், ஒரு மனிதன் தோளில் இவ்வளவு பாரத்தை ஏற்றிவிட்டு, பாரம் சாய்ந்தபோது அவனை மட்டும் ஏசுவது நியாயமாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மென்பொருளில் தவறாய் விழுந்த ஓட்டைகள் ஒருபுறம் இருக்க, ஓட்டையைச் சட்டத்தினாலேயே போடும் யோசனைகளும் அவ்வப்போது எழுகின்றன. இந்தியாவில் 2015 செப்டம்பரில் மத்திய சர்க்கார் வெளியிட்ட சங்கேதக் கொள்கை நகல் ஒன்று, சங்கேதமாய் அனுப்பிய செய்திகளின் திறந்த பிரதியைத் தொண்ணூறு நாள் வைத்திருக்க வேண்டுமென்று பிரஜைகளுக்கு விதித்தது. கண்டனம் பலமாய் எழவே சில தினங்களுக்குள் அந்த நகல் வாபஸ் பெறப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அடங்கிய சுப்ரீம் கோர்ட்டு பெஞ்சு 2017 ஆகஸ்ட் 24-ல் ஏகமனதாய்த் தீர்ப்புச் சொல்லிற்று. வக்கீலிடம் கக்ஷிக்காரர் சொன்னதை வெளியிடலாகாது என்று 1872-ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டம் சொன்னது. 2024 ஜூலை முதல் அதன் ஸ்தானத்தில் அமலாகும் புதுச் சட்டமும் சொல்லுகிறது. இந்தப் பாதுகாப்புகள் ஏட்டில் இருந்தாலும், கடிதத்தைத் திறக்கும் மென்பொருளே அதை அந்நியனுக்குச் சொல்லிவிடுமானால் எந்தத் தீர்ப்பைக் காட்டி எவனைத் தடுப்பது?

அறிக்கைக்குப் பின்னர் நல்ல மாறுதல்கள் வந்தன. 2018 ஜூன் மாதத்தில் வெளியான ஜி.பி.ஜி. பதிப்பு, முத்திரையில்லாத கடிதத்தைத் திறப்பதைத் தோல்வியாகவே கருதத் தொடங்கிற்று. எச்சரித்துவிட்டு விட்டுவிடும் பழக்கம் அதோடு நின்றது. 2019-ல் எஸ்-மைமின் புதிய விதி, முத்திரையோடு கூடிய சங்கேத முறையைச் சிபாரிசு செய்தது. இணையத்தின் விதிகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். சபை 2024 ஜூலையில் ஓப்பன் பி.ஜி.பி.க்கும் அதேவிதமான புது விதியை வெளியிட்டது. ஆனால் ஜி.பி.ஜி.யைப் பேணுகிறவர்கள் அதற்கு இணங்காமல், 2023-லேயே 'லிப்ரே பி.ஜி.பி.' என்ற தனி விதியை அறிவித்துப் பிரிந்துபோனார்கள். முத்திரையிட வேண்டும் என்பதில் இரு கக்ஷியாருக்கும் ஒரே கருத்து. முத்திரையின் வடிவத்தில்தான் சண்டை. இதனால் ஒருவர் பூட்டிய கடிதத்தை மற்றவர் மென்பொருள் திறக்க முடியாத நிலை வந்தால், ஜனங்கள் பழைய முறைக்கே திரும்புவார்கள். இரு கக்ஷியாரும் கௌரவத்தை ஒதுக்கி வைத்துச் சமரசத்துக்கு வரும்படி வற்புறுத்துகிறோம்.

சங்கேத அஞ்சலை உபயோகிக்கும் நமது நேயர்கள் தங்கள் மென்பொருளின் பதிப்பை இன்றைக்கே சரிபார்ப்பது நலம். வெளியிலிருந்து படங்களைத் தருவிப்பதை நிறுத்தி வைக்கவும். கூடுமானால் கடிதங்களை வெறும் எழுத்தாகவே காட்டும்படி ஏற்பாடு செய்துகொள்ளவும். தாம் மட்டும் செய்தால் போதாது. சங்கேதக் கடிதம் ஒன்று ஐந்து பேருக்குப் போயிருந்தால், அதைத் திறக்கும் சாவி ஐந்து பேரிடமும் இருக்கிறது. எழுதியவருடைய பெட்டியில் உள்ள பிரதிக்கும் சாவி உண்டு. அந்த அறுவரில் ஒருவர் 2018-க்கு முற்பட்ட மென்பொருளைத் திருத்தாமல் வைத்திருந்தாலும், நகல் எடுத்து வைத்திருப்பவனுக்கு அவர் ஒருவரே போதும்.